வெள்ளைக் கழிச்சலும் ராணிக்கேத்தும்

பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்தால் வாத்தியார் "என்னடா, சீக்கு வந்த கோழி மாதிரி உக்காந்திருக்க?" என்பார். என் வயதுக்காரர்கள் எல்லோரும் இந்தத் திட்டை ஒரு தடவையாவது வாங்கியிருப்பீர்கள். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் புரியாது. அவர்கள் கோழியைக் கடையில்தான் பார்க்கிறார்கள், அதுவும் தலை இல்லாமல். ஆனால் அந்தத் திட்டில் உள்ளது துல்லியமான நோய்க்குறிப்பு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளுக்கு இழுத்து, கண்ணைப் பாதி மூடி, சிறகு இரண்டும் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு கோழி நின்றால், ராணிக்கேத் நோயைப் பற்றிய எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் வரியில் வருகிற அடையாளம் அதுதான்.

கால்நடைத் துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். மாடு, ஆடுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். கோழியைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தள்ளிப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதுவும் இந்தப் பதிவில் வரும்.

கோழிச் சீக்கைக் கண்டுபிடிக்க எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அப்பத்தாதான். துறையில் பயிற்சி கொடுத்தது பிறகு. அப்பத்தாவிடம் எப்போதும் இருபது உருப்படிக்குக் குறையாமல் இருக்கும். சாயங்காலம் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்து, கழுத்துக்குக் கீழே உள்ள இரைப்பையைத் தடவிப் பார்ப்பார். நாள் முழுக்க மேய்ந்த கோழிக்கு அது பொட்டலம் மாதிரி நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் அந்தக் கோழிக்கு ஏதோ சரியில்லை. தண்ணீர் மாதிரி தளதளவென்று இருந்தாலும் சரியில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பஞ்சாரத்தின் பக்கத்தில் போய்க் காது வைத்துக் கேட்பார். பகலில் கோழி போடுகிற சத்தத்தில் இளைப்பு தெரியாது. ராத்திரி அமைதியில் "கொர்... கொர்" என்று மூச்சு இழுப்பது தனியாகக் கேட்கும். பிற்காலத்தில் பண்ணைக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். விளக்கை அணைத்துவிட்டுக் கொட்டகையில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள் என்பேன்.

எது சீக்கு இல்லை என்பதும் அப்பத்தாவுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இதுதான் அதைவிடக் கஷ்டம். அடைக்கு உட்கார்ந்த பெட்டை சரியாகத் தின்னாது, கொண்டை வெளுக்கும், கிட்டே போனால் உப்பிக்கொள்ளும். அது நோய் இல்லை. இறகு உதிர்க்கிற காலத்தில் நல்ல கோழியும் பார்க்கச் சகிக்காது. எச்சத்தில் சில சமயம் பழுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றமெடுத்து ஒன்று விழும். குடல்வாலிலிருந்து வருவது அது, ஆரோக்கியமான கோழிக்கும் தினமும் வரும். நல்ல எச்சம் சாம்பலும் பழுப்புமாக உருண்டு, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் பீச்சி, பின்புற இறகில் ஒட்டிக்கொண்டால்தான் பயப்பட வேண்டும். அதற்குத்தான் நம் பக்கத்தில் வெள்ளைக் கழிச்சல் என்று பெயர்.

கோழி சீக்கை ஒளிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பருந்துக்கும் கீரிக்கும் இரையாகிற பிறவி. தளர்ந்து தெரிந்தால் முதலில் தூக்கப்படுவது அதுதான். கூட்டத்தில் உள்ள மற்றக் கோழிகளே கொத்தும். அதனால் முடிந்தவரை நல்ல கோழி மாதிரியே நடமாடும். முடியாமல் போய் ஓர் ஓரத்தில் நிற்கும்போதுதான் நம் கண்ணில் படுகிறது. அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இந்த நோயின் வரலாறு ஆச்சரியமானது. 1926-இல் உலகத்தின் இரண்டு மூலைகளில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இது பதிவானது. ஒன்று டச்சுக்காரர் ஆண்ட ஜாவா. கிரானெவெல்ட் என்பவர் எழுதினார். மற்றொன்று இங்கிலாந்தின் வடக்கே டைன் நதிக்கரையில் உள்ள நியூகாசில். அங்கே டாயில் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பரிசோதித்தார். அதுவரை கோழிகள் கூட்டமாகச் செத்தால் எல்லாவற்றுக்கும் "கோழிக் கொள்ளை நோய்" என்று ஒரே பெயர்தான். அந்தப் பழைய கொள்ளை நோயை இத்தாலியில் பெரோன்சிட்டோ 1878-இலேயே விவரித்திருந்தார். டாயில் செய்தது எளிமையான, ஆனால் தீர்மானமான சோதனை. ஒரு நோயில் பிழைத்த கோழிக்கு மற்ற நோயைக் கொடுத்துப் பார்த்தார். பிழைத்த கோழி மறுபடி செத்தது. அப்படியென்றால் இரண்டும் ஒன்றல்ல. அறிகுறியை வைத்துப் பெயரிட்டால் மறுபடி குழப்பம் வரும் என்று நினைத்து, தற்காலிகமாக ஊர்ப்பெயரையே நோய்க்கு வைத்தார். தற்காலிகப் பெயர் நிரந்தரமாகிவிட்டது. நூறு வருடமாகியும் உலகம் முழுக்க அது நியூகாசில் நோய்தான்.

நம் நாட்டில் மட்டும் வேறு பெயர். குமாவூன் மலையில், இன்றைய உத்தராகண்டில், ராணிக்கேத் என்ற ராணுவ ஊர் இருக்கிறது. 1927-28 வாக்கில் அங்கே கோழிகள் மடிந்தன. அதே குமாவூன் மலையில் முக்தேசுவரம் என்ற இடத்தில் அரசாங்கத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1889-இல் பூனாவில் தொடங்கி, ஆபத்தான கிருமிகளை ஜனங்களிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று 1893-இல் 7,000 அடிக்கு மேலே கொண்டுபோன நிலையம் அது. அதன் இயக்குநர் எட்வர்ட்ஸ் இந்த நோயைப் பதிவு செய்தார். ராணிக்கேத் நோய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாவம், அழகான மலை ஊர். இமயமலைப் பனிச் சிகரங்கள் தெரியும் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு அது கோழி சாகிற ஊர்.

இதில் ஒரு வேடிக்கை. தடுப்பூசி மருந்து நமக்கு ராணிப்பேட்டையிலிருந்து வரும். 1932-இல் ஆரம்பித்த நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கே இருக்கிறது. அதனால் ஊரில் பலர் இதை "ராணிப்பேட்டைச் சீக்கு" என்றே சொல்வார்கள். அங்கிருந்துதான் சீக்கு வருகிறது என்று நினைத்தவர்களும் உண்டு. நான் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கோழி முட்டைதான் இந்த நோய்க்கு மருந்தைக் கொடுத்தது. 1931-இல் அமெரிக்காவில் குட்பாஸ்ச்சரும் அவருடைய சகாக்களும் கருவுற்ற முட்டைக்குள் கோழி அம்மைக் கிருமியை வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். மனிதர்களுக்கான ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி வரை பின்னால் அந்த வழியில்தான் தயாரானது. முக்தேசுவரத்தில் அதே முறையில் ராணிக்கேத் கிருமியை முட்டையிலிருந்து முட்டைக்கு மாற்றி மாற்றி வளர்த்தார்கள். மாற்ற மாற்ற அதன் விஷம் குறைந்தது. கொல்லும் திறன் போய், எதிர்ப்புச் சக்தி கொடுக்கும் திறன் மட்டும் மிஞ்சியது. அய்யர், டாப்சன் என்ற இருவர் 1940-இல் இதை வெளியிட்டார்கள். முக்தேசுவரம் வகை என்று உலகத்தில் பல நாடுகளுக்குப் போன தடுப்பூசி அது. இந்த நோய்க்கு அன்றும் இன்றும் சிகிச்சை கிடையாது. வருமுன் காப்பது மட்டும்தான்.

ஜாவா என்று சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. விஷயத்தை விட்டு விலகினாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராணிக்கேத் அங்கே பதிவாவதற்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் முன்பு, அதே ஜாவாவின் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழ ஆரம்பித்தன. கிருமி கொடுத்த கோழியும் விழுந்தது, கொடுக்காத கோழியும் விழுந்தது. சில மாதம் கழித்து எல்லாம் தானாகவே தேறிவிட்டன. விசாரித்தபோது விஷயம் சமையல் கட்டில் இருந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குப் போட முடியாது என்று நிறுத்திவிட்டார். தவிட்டோடு கூடிய அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதான் அய்க்மன் முதலில் நினைத்தார். விஷம் இல்லை, தவிட்டில் உள்ள ஏதோ ஒரு சத்து இதில் இல்லை என்று 1901-இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். வைட்டமின் என்ற விஷயமே இப்படித்தான் தொடங்கியது. அய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு என்ன கிடைத்ததோ!

மலாயாவில் பிராடன் என்ற ஆங்கிலேய டாக்டர் கவனித்த இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. அங்கே வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கால் விழுந்து கிடந்தார்கள். பக்கத்திலேயே வேலை செய்த நம் தமிழர்களுக்கு அது பெரும்பாலும் வரவில்லை. காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் காரணம் தெரியாமல் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கோழி கால் விழுந்துவிட்டது என்றால் உடனே ராணிக்கேத் என்று முடிவு கட்டக்கூடாது. சத்துக் குறைவாலும் விழும். ஹங்கேரியில் மாரெக் 1907-இல் விவரித்த நோயில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும். ராணிக்கேத்தில் கால் விழுவதோடு கழுத்து முறுக்கிக்கொள்ளும், வானத்தைப் பார்த்துச் சுற்றிச் சுற்றி வரும், தீனியைக் கொத்தினால் குறி தவறிப் பக்கத்தில் கொத்தும். பெரும்பாலும் கழிச்சலும் இளைப்பும் முன்னால் வந்திருக்கும். முட்டையிடுகிற கோழி தோல் முட்டை போடும், பிறகு நிறுத்திவிடும். 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்த பிறகு இன்னும் கவனம் தேவைப்படுகிறது. பெரோன்சிட்டோ சொன்ன பழைய கொள்ளை நோய் உண்மையில் அதுதான், ஃப்ளூ வகை என்று 1955-இல் நிரூபித்தார்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. பரிசோதனைக் கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும். கூட்டமாகச் செத்தால் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லாமல் புதைத்துவிடாதீர்கள்.

சரி, தள்ளிப் போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

1961, எனக்கு ஒன்பது வயது. கோடை தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியபோது எல்லாக் கோழியும் ஓடிவிட்டன, ஒரு வெடைக்கோழி மட்டும் உள்ளேயே நின்றது. அப்பத்தா அதை எடுத்தார். கொண்டை கறுத்திருந்தது. வாயைப் பிரித்துப் பார்த்தார், கோழை நூலாக இழுத்தது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் சீரகமும் இடித்துப் புகட்டினார். வழக்கமாக என்னிடம் ஏதாவது சொல்வார். அன்றைக்கு எதுவும் பேசவில்லை. மறுநாள் சந்தைக்குப் பன்னிரண்டு கோழிகளைக் கால் கட்டி எடுத்துப் போனார். அவை எல்லாம் நடந்துகொண்டும் தின்றுகொண்டும் இருந்த கோழிகள். விற்றுவிட்டு வந்த காசில் எனக்கு ஒரு டவுசர் துணி வாங்கினார். அந்த வாரமே, பக்கத்து ஊரில் பிள்ளை பெற்றிருந்த சித்திக்கு நல்ல பெட்டை ஒன்றும் சேவல் ஒன்றும் கொடுத்தனுப்பினார். கூடையில் வைத்து எடுத்துப்போனது நான்தான்.

எங்கள் வீட்டில் மிஞ்சியவை ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. சித்தி வீட்டில் பதினைந்து நாளில் பஞ்சாரமே காலி. சித்தப்பாவுக்குச் சரியான வேலை கிடையாது. முட்டைக் காசும் கோழிக் காசும்தான் சித்தியின் கையில் புரளுகிற பணம். பால் வாங்கியதும் மண்ணெண்ணெய் வாங்கியதும் அதில்தான். அந்த வருடம் சித்தி காதில் இருந்த தோட்டை அடகு வைத்தார், அது திரும்பவில்லை. "ஊரெல்லாம் சீக்கு" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வேலைக்கு வந்து பயிற்சியில் உட்கார்ந்தபோது ஒரு நாள் வகுப்பில் சொன்னார்கள்: கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய இரண்டு நாளிலிருந்து பதினைந்து நாள் வரை ஆகும், பொதுவாக ஐந்து ஆறு நாள். அந்த நாட்களில் பார்க்க நன்றாக இருக்கும் கோழி நோயைக் கொண்டுபோகும். சந்தைதான் நோய் பரவும் முக்கிய வழி. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்தக் கூடை ஞாபகம் வந்தது.

அப்பத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர்களில் எல்லோரும் செய்தது அதுதான். முதல் கோழி தூங்கினால் மிச்சத்தை விற்பது அல்லது அறுத்துத் தின்பது. இருபது உருப்படியும் கண் முன்னால் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாரால் முடியும்? ஆனால் சந்தையில் வாங்கிப்போன பன்னிரண்டு வீடுகளின் கதை யாருக்கும் தெரியாது.

ஊசி போடப் போன காலத்தில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். மருந்து உறைய வைத்து உலர்த்திய பொடியாகச் சின்னக் குப்பியில் வரும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துப் போய், உப்புக் கரைசலில் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இறக்கைக்கு அடியில் அரை மில்லி. கோழி அடைந்திருக்கும்போதே பிடிக்க வேண்டுமென்பதால் விடியுமுன் போவோம். ஏற்கெனவே கிருமி புகுந்த கூட்டத்தில் ஊசி போட்டால் கோழி சாகும், பழி நம் மேல் விழும். "நல்லா இருந்த கோழிய ஊசி போட்டுக் கொன்னுட்டான்" என்று ஓர் ஊரில் என் சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதன்பின் எந்த வீட்டிலும் ஊசியை எடுப்பதற்கு முன் பஞ்சாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பேன், எச்சத்தைப் பார்ப்பேன், இரண்டு கோழிகளின் இரைப்பையைத் தடவுவேன். அப்பத்தா செய்ததுதான். கைதவறி மருந்து கண்ணில் தெறித்துக் கண் சிவந்து இரண்டு மூன்று நாள் நீர் வடிந்ததும் உண்டு. இந்தக் கிருமி மனிதக் கண்ணையும் பிடிக்கும் என்று ஆஸ்திரேலியாவில் பர்னெட் 1943-இலேயே எழுதியிருக்கிறார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, மாட்டு வெக்கை நோய் இவற்றின் கிருமிகளெல்லாம் இதன் ஒன்றுவிட்ட சொந்தம்.

இப்போது வெப்பம் தாங்குகிற வகைகள் வந்துவிட்டன. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1966-இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஆரோக்கியமான கோழிகளிடமிருந்து. ஐஸும் ஊசியும் வேண்டாம், தீனியில் கொடுக்கலாம். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் நாட்டுக்கோழிக்கு வாய்வழிக் குருணை மருந்து தயாரித்தது. அரிசிக் குருணை மாதிரி இறைத்துவிட்டால் போதும். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் என் முழங்கால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

1979-இல் சித்தி ஊருக்கு முகாம் போட்டார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். சித்தி பதினாலு கோழி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையை விரித்துக் கொடுத்தார், நான் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழோ எட்டோ முடிந்தபோது சொல்லிவிட்டேன். "சித்தி, அந்த வருசம் உங்க கோழியெல்லாம் செத்துச்சே, அது நான் கூடையில கொண்டாந்த கோழியாலதான்."

சித்தி அடுத்த கோழியைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ப்பா" என்றார். "கூடையத் திறக்கும்போதே அந்தப் பெட்டையோட முழி சரியில்ல. நீ அத்தன தூரம் வெயில்ல நடந்து வந்திருக்க. எங்க ஆத்தா பிள்ளப்பேத்துக்குக் குடுத்துவிட்டது. வேணாம்னு எப்படித் திருப்பி அனுப்புறது?"

பிறகு, "இந்தச் சேவலுக்குக் கொஞ்சம் மெதுவாப் போடு, கொத்தும்" என்று நீட்டினார்.